திரும்பிய பொருளும் திரும்பாத பணமும்

பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு வந்து வேறு மாநிலங்களில் குடியமர்ந்திருக்கும் நம் போன்றோர்க்கு ஆன்லைன் வர்த்தகம் பெருந்துணையாக வாய்த்திருக்கிறது என்பதில் ஐயமில்லை. முன்னாளில் ஊரிலுள்ள பெற்றோருக்கு ஒரு கம்பளிப் போர்வை வேண்டுமானால், மணியார்டர் அனுப்பிவிட்டு, யாரேனும் கடைத்தெருவுக்குப் போய் வாங்கிக் கொடுப்பார்களா என்று காத்திருந்தோம். இன்று தில்லியில் அமர்ந்து கைபேசியில் விரலை வைத்தால், நான்காம் நாள் மயிலாடுதுறையில் நம் வீட்டுத் திண்ணையில் பார்சல் வந்து இறங்கிவிடுகிறது. வாங்குவது இவ்வளவு எளிதாகிவிட்டது. வாங்கிய பொருளைத் திருப்பியனுப்பிவிட்டு, கொடுத்த பணத்தைக் கேட்டுப் பெறுவதுதான் எளிதாகவில்லை.

இதனை நாம் ஏட்டிலிருந்து மட்டும் சொல்லவில்லை. சென்ற ஆண்டு நம் அன்னையார்க்கு ஒரு மிக்ஸி வாங்கியனுப்பினோம். விலை 3,749 ரூபாய். பெட்டியைத் திறந்தபோதே ஜாரின் அடியில் விரிசல் இருந்தது; ஓடவிட்டால் மோட்டாரிலிருந்து கருகல் வாடை வந்தது. பத்து நாட்களுக்குள் திருப்பலாம் என்பது விற்பனை விதியாதலால் உடனே விண்ணப்பித்தோம். மூன்றாம் நாள் நண்பகலில் ஓர் இளைஞர் பெட்டியை எடுத்துச் செல்ல வந்தார், ஓ.டி.பி. எண் வேண்டும் என்றார். அந்த எண்ணோ தில்லியில் நம் கைபேசிக்கு வந்தது. அலுவலகக் கூட்டத்தின் நடுவே எழுந்து வெளியே சென்று, தொலைபேசியில் அதைப் படித்துச் சொன்னோம். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ரசீது எதுவும் தரவில்லை, அன்னையாரும் கேட்கவில்லை. ஒரு வாரம் கழிந்தபின் நிறுவனத்திடமிருந்து செய்தி வந்தது: திரும்பி வந்த பெட்டியில் இருந்தது ஒரு பழைய மிக்ஸி என்றும், ஆகவே பணம் தருவதற்கில்லை என்றும்.

பணம் மட்டும் போயிருந்தால் ஒருவேளை மனம் ஆறியிருப்போம். ஆனால் எழுபத்தாறு வயது மூதாட்டி ஒருவர் புதுப்பொருளை எடுத்து வைத்துக்கொண்டு பழையதைப் பெட்டியில் போட்டு அனுப்பினார் என்பதன்றோ அச்செய்தியின் பொருள்! அதனை அன்னையாரிடம் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. அவரோ ஞாயிறுதோறும் தொலைபேசியில், "அந்தப் பணம் வந்துவிட்டதா?" என்று தவறாமல் கேட்டுவந்தார்.

இவ்வாறு நேர்வதற்குக் காரணம் யாது? தபால் இலாகாவின் வி.பி.பி. முறையை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். தபால்காரர் பார்சலை நீட்டுவார். பணத்தைக் கொடுத்து வாங்கிக்கொள்வோம். அப்பணம் மணியார்டராக வியாபாரியைப் போய்ச் சேரும். கைக்கடிகாரத்துக்குப் பதிலாகச் செங்கல் வந்த கதைகள் அக்காலத்திலும் உண்டு. எனினும் அங்கே பொருள் ஒரு வழியாக வந்தது, பணம் ஒரு வழியாகப் போனது. கணக்கு அத்துடன் முடிந்தது. இன்றைய முறையில் பொருள் திரும்பிப் போகிறது. பணமும் திரும்பி வரவேண்டியிருக்கிறது. இவை இரண்டும் ஒரே பயணம் என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் இவை இருவேறு பயணங்கள். ஒன்று முடிந்த பின்னரே பெரும்பாலும் மற்றது தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவேயுள்ள இடைவெளியில்தான் வாங்கியவர் விழுந்துவிடுகிறார்.

முதலில் பொருளின் பயணத்தைப் பார்ப்போம். நம் வாசலில் பெட்டியை வாங்கியவர் அதனை உள்ளூர்க் கிடங்கில் ஒப்படைக்கிறார். அங்கிருந்து அது லாரியேறிப் பெரிய கிடங்குக்குப் போகிறது. அங்கே ஒருவர் திறந்து சோதித்துத் தம் முடிவைக் கணினியில் பதிகிறார். அவர் நம் வாசலில் பெட்டியை வாங்கியவரை ஒரு நாளும் கண்டவரல்லர். வழியில் பெட்டி மாறியதா, பொருள் மாறியதா, வெறும் எழுத்துப் பிழையா என்பது அவருக்குத் தெரியாது. தம் முன்னால் இருப்பதை அவர் எழுதுகிறார். அவர் எழுதியதே தீர்ப்பாகிவிடுகிறது. வியாபாரிகளின் பக்கமும் ஒரு நியாயம் இருப்பதை மறைக்கலாகாது. கல்யாணத்துக்கு உடுத்திய பட்டுப்புடவையை மறுநாள் மடித்துத் திருப்பியனுப்புகிற புண்ணியவான்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். அவர்கள் செய்த வினையின் பயனை மற்றவர்களும் சேர்ந்து அனுபவிக்கிறோம்.

ஆகவே சான்றை நாம்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அதுவும் வீட்டு வாசலிலேயே. பெட்டியைப் பிரிக்கும்போதே கைபேசியில் படம் எடுத்துக்கொள்வதும், பொருளின் அடியிலுள்ள தொடர் எண் படத்தில் தெரியச் செய்வதும், திருப்பித் தரும்போது மறுபடியும் படம் எடுப்பதும், எடுத்துச் செல்பவரிடம் ஒப்புகை பெறுவதும் சிறிய காரியங்களே. நம் விஷயத்தில் அடுத்த வீட்டுப் பேரப்பிள்ளை விளையாட்டாக எடுத்திருந்த ஒரு வீடியோதான் நம்மைக் காப்பாற்றியது. மிக்ஸியைக் கவிழ்த்துப் பார்த்தபோது அதன் தொடர் எண் அதில் தெளிவாகப் பதிவாகியிருந்தது.

இனி யாரைக் கேட்பது என்பதைப் பார்ப்போம். ஆன்லைன் கடைகளிற் பெரும்பாலானவை உண்மையில் கடைகளல்ல, சந்தைகள். சந்தையில் கடை விரித்தவர் வேறு. சந்தையைக் குத்தகைக்கு எடுத்தவர் வேறு. பணத்தை வாங்கும்போது குத்தகைக்காரர் முன்னால் நிற்கிறார். பணத்தைத் திருப்பிக் கேட்கும்போது கடைக்காரரைக் கைகாட்டுகிறார். இந்தக் கைகாட்டலுக்கு ஓரளவு முடிவு கட்டியது, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் அதன்கீழ் 2020 ஜூலையில் வெளியான மின்வணிக விதிகளும் ஆகும். பொருள் பழுதானதாகவோ போலியாகவோ இருந்தாலும், விளம்பரத்தில் சொன்ன தன்மை அதற்கு இல்லாவிட்டாலும், சொன்ன நாளுக்குப் பிந்தி வந்தாலும், அதைத் திரும்பப் பெறவோ பணம் தரவோ விற்பவர் மறுக்கலாகாது என்று அவ்விதிகள் கூறுகின்றன. சந்தை நடத்துகிறவரும் தம் தளத்தில் குறைதீர்க்கும் அலுவலர் ஒருவரை நியமித்து, அவருடைய பெயரையும் பதவியையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். முறையீடு கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அதனை ஒப்புக்கொள்ளவும், ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்கவும் அவ்வலுவலர் கடமைப்பட்டவர்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நிறம் மனத்துக்குப் பிடிக்கவில்லை, வாங்கிய பின் எண்ணம் மாறிவிட்டது என்பவற்றுக்காகப் பணம் கேட்கும் உரிமையைச் சட்டம் தரவில்லை. அதற்கு இடமுண்டா என்பது அந்தந்தக் கடையின் விதியைப் பொறுத்தது. பழுது என்பது வேறு, பிடிக்கவில்லை என்பது வேறு. திருப்பும்போது கைபேசியில் காரணம் கேட்கும் இடத்தில், அவசரத்தில் ஏதோ ஒன்றைத் தொட்டுவிட்டுப் பின்னர் வருந்துகிறவர் பலர்.

நாமும் முதலில் கைபேசியில் 'உரையாடல்' என்ற பகுதியில்தான் மன்றாடினோம். அங்கே மறுமொழி சொல்வது மனிதரா இயந்திரமா என்பது கடைசி வரை விளங்கவில்லை. "உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது" என்ற வாசகம் மட்டும் ஒன்பது முறை வந்தது. பிறகுதான் குறைதீர்க்கும் அலுவலரின் மின்னஞ்சல் முகவரியைத் தேடிப் பிடித்தோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் எழுதிய முதல் முறையீடு மூன்று பக்கம் நீண்டது. அதில் பாதி நம் கோபம். அதைக் கிழித்துவிட்டுப் பத்து வரிகளில் மற்றொன்று எழுதினோம். ஆர்டர் எண், தேதிகள், தொகை, தொடர் எண் தெரியும் படம் இவற்றைக் கொடுத்து, ஒரே ஒரு கேள்வி கேட்டோம்: பெட்டியில் இருந்ததாகச் சொல்லும் பழைய மிக்ஸியின் படமும் தொடர் எண்ணும் எங்கே?

மறுநாளே ஒப்புகை வந்தது. பின்னர் இரண்டு வாரம் மௌனம். அதன்மேல் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்தோம். இவ்வுதவி 17 மொழிகளில் கிடைக்கிறது. தமிழும் அவற்றுள் ஒன்று என்பது வெளிமாநிலத் தமிழர்க்கு, குறிப்பாக இந்தியோ ஆங்கிலமோ சரளமாக வராத தொழிலாளர்க்கு, பெரிய ஆறுதல். இது நீதிமன்றமன்று, உத்தரவிடும் அதிகாரம் இதற்கு இல்லை. முறையீட்டைப் பதிந்து, எண் கொடுத்து, நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்கிறது. ஆனால் கேட்பது யார் என்பதைப் பொறுத்துப் பதிலின் வேகம் மாறுகிறது என்பதை நாம் கண்கூடாகக் கண்டோம். ஐந்தாம் நாள் நிறுவனம் தன் முடிவை மாற்றிக்கொண்டது. தவறு எங்கே நேர்ந்தது என்று மட்டும் சொல்லவில்லை.

அத்துடன் தொல்லை தீரவில்லை. பணத்தின் பயணம் அப்போதுதான் தொடங்கியது. கைபேசியில் 'பணம் அனுப்பப்பட்டது' என்று பச்சை எழுத்தில் இருந்தது; வங்கிக் கணக்கிலோ ஒன்றுமில்லை. அனுப்பியது வேறு, வந்து சேர்ந்தது வேறு. நிறுவனத்திடமிருந்து பணம் வாங்கும் இடைநிலை நிறுவனத்துக்கும், அதன் வங்கிக்கும், அட்டை வலையமைப்புக்கும், கடைசியாக நம் வங்கிக்கும் அது கைமாறி வருகிறது. இந்த இடத்தில் பொறுமையோடு கேட்க வேண்டியது ஓர் எண். அட்டைவழிப் பணமானால் ஏ.ஆர்.என். எனப்படும் 23 இலக்க எண், யு.பி.ஐ. வழியானால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண். இதைக் கையில் வைத்துக்கொண்டு வங்கிக்குச் சென்றால்தான் பணம் எங்கே நிற்கிறது என்று அவர்களால் தேட முடியும். எண் இல்லாமற் போனால் "எங்களுக்கு வரவில்லை" என்ற ஒற்றை வாக்கியமே கிடைக்கும். கடன் அட்டையில் வாங்கியவர்கள் தம் சேமிப்புக் கணக்கைத் திறந்து பார்த்து ஏங்குவதும் உண்டு. அவர்களுடைய பணம் அட்டைக் கணக்கிலேயே வரவாக வைக்கப்படும்.

பணம் கட்டும்போது கணக்கில் கழிந்து, ஆர்டர் மட்டும் பதிவாகாமல் போவது வேறொரு வகை. அதற்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் தனி விதி வகுத்தது. யு.பி.ஐ. மூலமாகவோ அட்டை மூலமாகவோ கழிந்த தொகை, கழிந்த நாளுக்குப் பின் 5 நாட்களுக்குள் தானாகவே திரும்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈட்டுத்தொகை. பொருளைத் திருப்பியதற்கான பணத்துக்கு இவ்விதி பொருந்தாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு வங்கியுடன் வாதிடுவதில் பயனில்லை.

பணத்துக்குப் பதிலாகக் கூப்பன் தருவதாகச் சொன்னாலும் விழிப்பாக இருத்தல் நலம். நாம் இசைந்தாலன்றி, பணம் வந்த வழியிலேயே திரும்ப வேண்டும் என்பதே 2020-இல் ரிசர்வ் வங்கி இடைநிலை நிறுவனங்களுக்கு வகுத்த நெறி. வாடகைக் கார் செயலி ஒன்று பணத்துக்குப் பதில் கூப்பன் மட்டுமே கொடுத்து வந்தபோது, வங்கிக் கணக்கில் பெறும் வாய்ப்பையும் பயணிகளுக்குத் தர வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் பணித்தது.

எல்லா வழியும் அடைபட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஊர் விட்டு ஊர் மாறி வாழும் நமக்கு 2019-ஆம் ஆண்டுச் சட்டம் செய்த பெரிய உபகாரம் இங்கேதான். 1986-ஆம் ஆண்டுப் பழைய சட்டத்தில், எதிர்த்தரப்பினர் தொழில் நடத்தும் இடம், வழக்குக்குக் காரணம் எழுந்த இடம் ஆகியவையே கணக்கில் கொள்ளப்பட்டன. இப்போது முறையிடுபவர் வசிக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ முறையிடலாம். சென்னையில் இருந்தபோது வாங்கிய பொருளுக்காக, மாற்றலாகிப் புணேவுக்குப் போனவர் புணேவிலேயே முறையிடலாம். நிறுவனத்தின் தலைமையகம் பெங்களூரில் இருந்தாலும் கவலையில்லை. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமில்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் முறையிட வேண்டும். 2025 ஜனவரியில் தொடங்கிய இ-ஜாக்ருதி என்னும் தளத்தின் மூலம் வீட்டிலிருந்தே பதிவு செய்யவும் வழியுண்டு. எளிய வழக்குகளை மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது; நடைமுறையில் அதற்கு மேலும் ஆகும் என்பதை எதிர்பார்த்தே போக வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. பணம் வராத கலக்கத்தில் இருப்பவரைத் தேடி வரும் கூட்டம் ஒன்று உண்டு. நம் நண்பர் ஒருவர், 700 ரூபாய் திரும்பி வர வேண்டி, நிறுவனத்தின் தொலைபேசி எண் எது என்று இணையத்தில் தேடினார். முதலில் தென்பட்டது திருடர்கள் போட்டு வைத்த எண். மிக மரியாதையாகப் பேசிய ஒருவர், "பணத்தை உங்கள் கணக்கில் சேர்க்க யு.பி.ஐ. இரகசிய எண்ணை அழுத்துங்கள்" என்றார். அழுத்தியதும் 18,000 ரூபாய் போயிற்று. பணம் கொடுப்பதற்குத்தான் இரகசிய எண் வேண்டும். பெறுவதற்கு ஒருபோதும் வேண்டுவதில்லை. நிறுவனத்தின் எண்ணை அதன் செயலிக்குள்ளேயே தேட வேண்டும். ஏமாந்துவிட்டால் நாணி இருந்துவிடாமல் உடனே 1930 என்ற எண்ணை அழைத்துச் சொல்ல வேண்டும். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால், போன பணத்தை வழியிலேயே தடுத்து நிறுத்த ஓரளவு வாய்ப்புண்டு.

நம் 3,749 ரூபாய் நாற்பத்தேழாம் நாள் கணக்கில் ஏறியது. அன்றிரவே அன்னையாரிடம் நடந்தவை அனைத்தையும் சொன்னோம். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பழைய மிக்ஸி இங்கே அலமாரியில்தானே இருக்கிறது, அவர்களை வந்து பார்க்கச் சொல்லியிருக்கலாமே" என்றார். அதன்பிறகு, பார்சலைத் திரும்ப எடுக்க யார் வந்தாலும், பால் கணக்கு எழுதும் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டி, தேதி போட்டுக் கையொப்பம் வாங்கிக்கொள்கிறார். சென்ற மாதம் வந்தவர் முந்தைய இளைஞரேயாம். சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாராம்.