வகுப்பறையில் ஒரு வானொலி நிலையம்

தஞ்சை மாவட்டத்தில் ஒரு நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்ற பெயர் வழங்கியது உங்களுக்குத் தெரியுமா? ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ஏ.டி.டி. 27 என்னும் குறுவை ரகமே அது. ஜப்பானின் நோரின் 10 ரகத்தையும் நம் ஜி.இ.பி. 24 ரகத்தையும் இனக்கலப்புச் செய்து பெறப்பட்டது. 1960-களில் திருச்சி வானொலி நிலையம் இதன் சாகுபடி முறைகளை விவசாயிகளுக்கு எடுத்துச் சொன்னது. முன்பின் தெரியாத விதையை நம்பி விதைத்து, அது பொய்த்தால் ஒரு போகமே போய்விடும். ஆயினும் காதால் கேட்டதை நம்பிப் பலர் பயிரிட்டனர். நெல்லுக்கு வானொலியின் பெயரே நிலைத்துவிட்டது.

ஒலிக்கு இத்தகைய ஆற்றல் உண்டென்றால், அதைப் பள்ளிப் பாடத்துக்கும் பயன்படுத்தலாம் அல்லவா? மாணவர்கள் கேட்பவர்களாக மட்டும் இல்லாமல், நிகழ்ச்சி தயாரிப்பவர்களாகவும் ஆக வேண்டும்.

இதனால் என்ன நன்மை? ஒலி நிகழ்ச்சியில் கரும்பலகை இல்லை; படமும் இல்லை. நெற்பயிர் தூர் கட்டுவதைச் சொல்லாலேயே விளக்க வேண்டும். தனக்குப் புரியாததைப் பிறருக்கு அவ்வாறு விளக்க முடியாது. ஆகவே, மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் மாணவனும் பொருளைத் தேடத் தொடங்குகிறான். தேர்வுத் தாளை ஆசிரியர் ஒருவரே படிப்பார். நிகழ்ச்சியையோ ஊரே கேட்கும். இதனால் அக்கறை தானே வளர்கிறது.

செய்முறை எளிது. ஐந்து பேர் ஒரு குழு. ‘குறுவைக்குத் தண்ணீர் எப்படி வருகிறது?’ என்பது போல ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டூரிலிருந்து கல்லணை, அங்கிருந்து ஆறு, வாய்க்கால், மடை என்று நீரின் வழியைக் குறியுங்கள். வயதில் மூத்த விவசாயி ஒருவரிடம், அவர் சம்மதத்துடன், பேட்டி எடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். பதிவு செய்ய ஒரு கைப்பேசி போதும்.

பதிவிலேயே இயற்பியல் பாடமும் இருக்கிறது. வெற்றுச் சுவர்களில் ஒலி பட்டுத் திரும்புவதால் பேச்சு குழம்பும். கனத்த ஜமக்காளத்தைத் தொங்கவிட்டால் அது ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். வயல்வெளியில் ஒலிவாங்கியின்மேல் காற்று மோதி இரைச்சல் எழும். மெல்லிய துணியைச் சுற்றினால் குறையும். பதிவைக் கேட்கும் மாணவர்கள், “இது என் குரலா?” என்று வியப்பார்கள். நாம் பேசும்போது நம் குரல் காற்றின் வழியாக மட்டுமன்றி, மண்டை எலும்பின் வழியாகவும் செவிக்குள் செல்கிறது. எலும்பு கீழ்ச்சுருதி ஒலிகளை நன்கு கடத்துவதால் குரல் கனமாகக் கேட்கிறது. பதிவில் அந்தப் பங்கு இல்லை. பிறர் கேட்பது பதிவில் உள்ள குரலைத்தான்!

ஓர் எச்சரிக்கை. ஓர் எக்டேர் என்பது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். எக்டேருக்கு உரிய உர அளவை ‘ஏக்கருக்கு’ என்று வாய் தவறிச் சொன்னால், கேட்பவர் வயலில் இரண்டரை மடங்கு உரம் விழும். எனவே, ஒவ்வோர் எண்ணையும் இருவர் தனித்தனியே சரிபார்த்த பிறகே பதிவு செய்யுங்கள். தம் சொல்லை நம்பி ஒருவர் செயல்படுவார் என்ற பொறுப்புணர்வும் இப்பயிற்சியில் மாணவர்கள் கற்கும் பாடமே ஆகும்.