ஒரே நீராவிக்கு இரண்டு வேலை: ஜெர்மனியின் பழைய இரயில் இயந்திரங்கள்

நீராவி இரயில் இயந்திரத்தின் ‘குப் குப்’ சத்தம், சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் நான்கு முறை கேட்கும். ஆனால், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வட ஜெர்மனியில் ஓடிய பல இயந்திரங்களில் அது இரண்டே முறைதான் கேட்டது. அவற்றில் நீராவி ஒரு சிலிண்டரில் வேலை செய்துவிட்டு, புகைபோக்கிக்குப் போகாமல் இன்னொரு சிலிண்டருக்குள் நுழைந்தது. இவற்றுக்குக் ‘கம்பவுண்ட்’ இயந்திரங்கள் என்று பெயர்.

இப்படிச் செய்யக் காரணம் நிலக்கரிச் செலவு. கொதிகலனில் 12 வளிமண்டல அழுத்தத்தில் இருக்கும் நீராவியின் வெப்பம் சுமார் 190 டிகிரி செல்சியஸ். சிலிண்டருக்குள் அது விரிந்து பிஸ்டனைத் தள்ளி வெளியேறும்போது 100 டிகிரியைச் சற்றுத் தாண்டிய அளவுக்கு இறங்கிவிடும். அதோடு சிலிண்டரின் இரும்புச் சுவரும் ஆறிவிடும். அடுத்து வரும் புதிய நீராவி அந்தச் சுவரில் பட்டதும் ஒரு பகுதி தண்ணீராகிவிடும். தண்ணீர் பிஸ்டனைத் தள்ளாது. ஆறிப்போன சட்டியை ஒவ்வொரு தோசைக்கும் மறுபடி சூடேற்றுவது போன்ற நட்டம் இது.

விரிவை இரண்டாகப் பிரித்தால், எந்தச் சிலிண்டரும் அவ்வளவு ஆறாது. முதலில் சிறிய சிலிண்டர், பிறகு பெரியது. ஏற்கெனவே விரிந்த நீராவிக்கு அழுத்தம் குறைவு என்பதால், அதே அளவு தள்ளுவதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு பரப்புள்ள பிஸ்டன் வேண்டும். கப்பல்களில் இந்த முறை முன்பே இருந்தது. சுவிட்சர்லாந்தில் பிறந்த அனடோல் மாலே 1876இல் பிரான்சின் பயோன்–பியாரிட்ஸ் பாதையில் இதை இரயிலுக்குக் கொண்டு வந்தார். ஜெர்மனியில் ஹனோவரில் பணியாற்றிய அகஸ்ட் ஃபான் போரீஸ், 1880இல் எல்பிங் நகரின் ஷிகாவ் ஆலையில் பிரஷ்ய அரசு இரயில்வேக்காக இத்தகைய இயந்திரங்களைச் செய்ய வைத்தார்.

(நீலகிரி மலை இரயிலில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை பயணம் செய்தவர்கள் இந்த முறையைப் பார்த்திருக்கிறார்கள். அங்குள்ள நீராவி இயந்திரங்களும் கம்பவுண்ட் வகைதான். மேல் சிலிண்டர், கீழ்ச் சிலிண்டர் இரண்டில் ஒன்று சக்கரங்களையும் மற்றது பல்சக்கரத்தையும் சுழற்றும்.)

சிக்கம் நிலையத்திலிருந்து கிளம்பும்போதுதான் வந்தது. சாதாரண இயந்திரத்தில் ஒரு பக்கத்துப் பிஸ்டன் தன் ஓட்டத்தின் கடைசி முனையில் நின்றுவிட்டால், மறுபக்கத்துப் பிஸ்டன் வண்டியை நகர்த்திவிடும். கம்பவுண்ட் இயந்திரத்திலோ பெரிய சிலிண்டருக்கு நீராவி சிறியதிலிருந்துதான் வர வேண்டும். சிறிய பிஸ்டன் முனையில் நின்றிருந்தால் அது நகராது. பெரியதற்கும் எதுவும் வராது. முழுச் சுமையோடு நிற்கும் இரயில் அசையாமல் கிடக்கும்.

ஃபான் போரீஸ் இதற்குத் தானாக இயங்கும் ஒரு வால்வைப் பொருத்தினார். ஓட்டுநர் நீராவியைத் திறந்ததும், இரண்டு சிலிண்டருக்கும் நடுவிலுள்ள குழாயை வால்வு அடைத்துக்கொள்ளும். அதே நேரத்தில் ஒரு மெல்லிய குழாய் வழியாகக் கொதிகலனின் புதிய நீராவி பெரிய சிலிண்டருக்குப் போகும். நடுக்குழாயை அடைக்காவிட்டால் அந்த நீராவி பின்னோக்கி வந்து சிறிய பிஸ்டனை எதிர்த்து அழுத்தும். ஓரிரு வீச்சுகளில் சிறிய சிலிண்டரிலிருந்து வெளியேறும் நீராவி வால்வைத் தள்ளித் திறக்கும். புதிய நீராவியின் வழி மூடிக்கொள்ளும். மாலேயின் அமைப்பில் இந்த மாற்றம் ஓட்டுநர் கையில் இருந்தது. மேட்டில் ஏறும்போது கூடுதல் பலம் வேண்டுமென்றால் அது வசதிதான். ஆனால் அவசரத்தில் திறந்ததை மூட மறந்தால் மிச்சப்படுத்த நினைத்த நிலக்கரி அங்கேயே போய்விடும். தானியங்கி வால்வு விரும்பியவர்களின் வாதம் அதுதான்.

நிலக்கரி மிச்சம் பொதுவாக நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை இருந்தது. ஆயிரக்கணக்கான இயந்திரங்கள் வைத்திருந்த பிரஷ்யாவுக்கு இது சிறிய தொகையல்ல. 1893இல் தொடங்கிய எஸ் 3 விரைவு இயந்திரங்கள் மட்டும் ஆயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டன. முன்னால் நின்று பார்த்தால் ஒரு பக்கம் சிறிய சிலிண்டர், மறுபக்கம் பெரியது. பலம் கூட்ட வேண்டுமென்றால் பெரியதை இன்னும் பெரிதாக்க வேண்டும். நடைமேடையில் இடிக்காமல் அதை எவ்வளவு அகலமாக்க முடியும்? அதனால் நான்கு சிலிண்டர் இயந்திரங்கள் வந்தன. ஃபான் போரீஸ் முறையில் செய்த ஒன்று 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்டது. 1907இல் மியூனிக்கின் மாஃபை ஆலை கட்டிய நான்கு சிலிண்டர் கம்பவுண்ட் இயந்திரம் ஒன்று மணிக்கு 154.5 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது.

போட்டி வேறு பக்கத்திலிருந்து வந்தது. வில்ஹெல்ம் ஷ்மிட் என்ற பொறியாளர், நீராவியைச் சிலிண்டருக்கு அனுப்புமுன் மறுபடி சூடாக்கி 300 டிகிரிக்கு மேல் ஏற்றினார். அவ்வளவு சூடான நீராவி சுவரில் பட்டாலும் எளிதில் தண்ணீராகாது. 1898இல் பிரஷ்யாவில் இது சோதிக்கப்பட்டது. அதே இரயில்வேயின் ராபர்ட் கார்பே, இனி இரண்டு சமமான சிலிண்டர்கள் போதும், கிளம்பும் வால்வும் கூடுதல் பாகங்களும் தேவையில்லை என்று வாதாடினார். பழுது பார்க்க வேண்டிய பாகங்கள் குறையும் என்பதால் பட்டறைக்காரர்களுக்கும் அது வசதி. 1906இல் வந்த பி 8 இயந்திரம் அவர் வழியில் அமைந்தது. அதில் மூவாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டன.

பவேரியா இரண்டையும் விடவில்லை. 1908இல் தொடங்கிய எஸ் 3/6 வகையில் சூடேற்றிய நீராவியும் இருந்தது, நான்கு கம்பவுண்ட் சிலிண்டர்களும் இருந்தன. 1931 வரை அதைக் கட்டினார்கள். 1928இல் ஓடத் தொடங்கிய புகழ்பெற்ற ரைங்கோல்ட் விரைவு இரயிலை இழுத்தவற்றில் இந்த வகை இயந்திரங்களும் இருந்தன.