சீவுவதா, வெட்டுவதா?

ஆங்கிலத்தில் ‘டேப்’ என்றால் தண்ணீர்க் குழாய். தோளில் மெல்லத் தட்டுவதும் ‘டேப்’, தொலைபேசியை ஒட்டுக்கேட்பதும் ‘டேப்’, ரப்பர் மரத்தில் பால் எடுப்பதும் ‘டேப்’. தகலாக் மொழியினர் குழாயைக் ‘கிரிப்போ’ என்றும் தட்டுவதைத் ‘தாபிக்’ என்றும் பிரித்துச் சொல்லிவிடுவார்கள். பீப்பாயின் அடைப்பானைக் குறித்த சொல்தான் ஆங்கிலத்தில் ரப்பர் மரத்துக்கும் வந்து சேர்ந்தது. மலாய்க்காரர்கள் இந்த வேலையைக் கீறுவது என்கிறார்கள். மலேசியாவின் பேராக் மாநிலத் தோட்டத் தமிழர்கள் மரம் வெட்டுவது என்றார்கள், சீவுவது என்றும் சொன்னார்கள். இவற்றுள் வேலையின் நுணுக்கத்தை உள்ளபடி சொல்வது ‘சீவுதல்’தான்.

அதற்கான காரணம் பட்டைக்குள் இருக்கிறது. பால் ஓடும் நுண்குழல்கள் கட்டையில் இல்லை, உட்பட்டையில்தான் நெருங்கியிருக்கின்றன. அதற்கும் உள்ளே, புதுப் பட்டையை உண்டாக்கும் வளர்படலம். அதற்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் முன்பே கத்தி நிற்க வேண்டும். படலம் காயப்பட்டால் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அந்த இடத்தில் கத்தி ஓடாது. குழல்கள் வலப்பக்கம் சற்றே சாய்ந்து ஏறுவதால், சீவும் கோடு இடமிருந்து வலமாகக் கீழிறங்குகிறது. அப்போதுதான் அதிகக் குழல்கள் திறக்கும். மறுமுறை அதே கோட்டில் மெல்லிய சீவல் ஒன்றை எடுத்தால் போதும். அமேசான் காடுகளில் கோடரியால் கொத்திப் பால் எடுத்த காலத்தில், 1890களில், சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் தாவரவியலாளர் ரிட்லி இந்தச் சீவும் முறையை உருவாக்கினார்.

உள்ளிருக்கும் அழுத்தத்தால்தானே பால் வருகிறது, பீப்பாய்ச் சொல்லில் என்ன பிழை என்று கேட்கலாம். அழுத்தம் உண்மைதான். விடியலில் அது மிகுந்திருக்கும் என்பதால்தான் இருட்டிலேயே பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக் கலைந்து ஆட்கள் மரத்துக்குப் போனார்கள். ஆனால் சில மணி நேரத்தில் குழல்வாய்களில் பால் உறைந்து, மரம் தானே அடைத்துக்கொள்கிறது. கோட்டில் காய்ந்தது ஒட்டுப்பால், பால் பிடிக்கும் மங்கில் உறைந்தது கட்டிப்பால். எடுத்த பாலை மரம் மறுபடி ஊறச் செய்கிறது. பீப்பாய்க்கு அது முடியாது. ‘வெட்டுதல்’தானே பரவலான வழக்கு என்பாரும் உண்டு. ஆம், ஆனால் செம்பனை நட ரப்பர் மரங்களைச் சாய்த்தபோதும் மரம் வெட்டுவதாகத்தான் சொன்னோம். பிழைக்க வைக்கும் வேலைக்கும் அழிக்கும் வேலைக்கும் ஒரே சொல் போதாது. அகராதி தொகுப்பவர்கள் ‘சீவுதல்’ என்பதன் கீழ் இந்தப் பொருளையும் சேர்க்க வேண்டும். ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் கத்தி பிடித்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.