கொள்கலன்களிலும் மெய்நிகர் இயந்திரங்களிலும் மென்பொருள் சோதனை

மென்பொருள் சரியாக இயங்குகிறதா எனத் தானாகச் சரிபார்க்கும் சிறு நிரல்கள் சோதனை நிரல்கள் எனப்படும். இவற்றுள் பல, முழுக் கணினியும் தம் வசம் இருப்பதாகக் கருதி எழுதப்பட்டவை. அவற்றை மாற்றாமல் கொள்கலனிலோ மெய்நிகர் இயந்திரத்திலோ இயக்கினால், பிழையில்லாத மென்பொருளும் தோல்வி காட்டலாம்; பிழையுள்ள மென்பொருளும் தேர்ச்சி பெறலாம்.

இரு சூழல்களின் வேறுபாடு

மெய்நிகர் இயந்திரத்தில் தனி இயங்குதளமும் அதற்கெனத் தனிக் கருனியும் (கெர்னல்) உண்டு. டாக்கர் போன்ற கருவிகள் உருவாக்கும் கொள்கலனுக்குத் தனிக் கருனி இல்லை. அதைத் தாங்கும் புரவலர் கணினியின் கருனியையே அது பகிர்ந்துகொள்கிறது. உபுண்டு படிமத்தில் சோதனையை நடத்தினாலும், உண்மையில் சோதிக்கப்படுவது புரவலர் கணினியின் கருனியே.

கொள்கலனில் எழும் சிக்கல்கள்

கணினிக் கடிகாரத்தை மாற்றுவதற்கும் கருனிக் கூறுகளை ஏற்றுவதற்கும் டாக்கர் கொள்கலனில் இயல்பாக அனுமதி இல்லை. அனுமதி அளித்தால், மாற்றம் புரவலர் கணினியையே பாதிக்கும்.

நினைவக அளவும் ஏமாற்றக்கூடியது. 16 ஜிபி நினைவகம் உள்ள கணினியில், 512 எம்பி வரம்புடன் ஒரு கொள்கலன் இயங்குவதாகக் கொள்வோம். லினக்ஸின் வழக்கமான நினைவகத் தகவல் கோப்பு அங்கும் 16 ஜிபி என்றே காட்டும். அதில் பாதியைக் கேட்டு நிரப்பும் சோதனை நிரலைக் கருனி இடையிலேயே நிறுத்திவிடும். உண்மையான வரம்பைக் கட்டுப்பாட்டுக் குழு எனப்படும் சி-குரூப் அமைப்பிலிருந்து படிக்க வேண்டும். டாக்கரில் பகிர்வு நினைவகப் பகுதியின் இயல்பளவும் 64 எம்பி மட்டுமே.

மெய்நிகர் இயந்திரத்தில் எழும் சிக்கல்கள்

இங்கு முதன்மைச் சிக்கல் நேரம். புரவலர் கணினி தன் செயலியை வேறு பணிக்கு அளிக்கும்போது மெய்நிகர் இயந்திரம் காத்திருக்கிறது. குறிப்பிட்ட மில்லி நொடிகளுக்குள் விடை வர வேண்டும் என எதிர்பார்க்கும் சோதனை இதனால் தவறலாம். லினக்ஸ் டெஸ்ட் புராஜெக்ட் என்னும் சோதனைத் தொகுப்பில் காலவரம்பைப் பெருக்கிக்கொள்ள ஒரு சூழல் மாறி உள்ளது.

தகவமைக்கும் முறை

சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட் என்னும் கட்டளை சூழலின் பெயரைத் தரும். மெய்நிகர் இயந்திரத்துக்குள் கொள்கலன் இயங்கினால், இயல்பாகக் கொள்கலனின் பெயர் மட்டுமே கிடைக்கும். சிறிய படிமங்களில் இக்கட்டளையே இல்லாமலும் போகலாம். ஆகவே பெயரை மட்டும் நம்பாமல், தேவையான அனுமதியும் வளமும் உள்ளனவா என நேரடியாகச் சோதிப்பதே நல்லது.

தேவையானது இல்லையெனில் சோதனையைத் ‘தோல்வி’ என்று குறிக்காமல் ‘தவிர்க்கப்பட்டது’ என்று குறிக்க வேண்டும். ஆட்டோமேக் கருவியில் நிரல் 77 என்னும் வெளியேறு எண்ணைத் தந்தால் அது தவிர்ப்பாகக் கொள்ளப்படும். லினக்ஸ் டெஸ்ட் புராஜெக்ட் இதற்கு டிகான்ஃப் என்னும் தனிக் குறியீட்டைப் பயன்படுத்துகிறது.

தவிர்ப்பு தேர்ச்சி ஆகாது. நூறு சோதனைகளில் நாற்பது தவிர்க்கப்பட்டு, மற்றவை வென்றால், அந்த நாற்பதில் அடங்கிய பகுதிகள் இன்னும் சோதிக்கப்படவில்லை என்பதே பொருள். எனவே தவிர்க்கப்பட்டவற்றைக் காரணத்துடன் அறிக்கையில் பதிந்து, கருனி சார்ந்தவற்றை மெய்நிகர் இயந்திரத்திலும், துல்லியமான நேரம் சார்ந்தவற்றை நேரடிக் கணினியிலும் மீண்டும் இயக்க வேண்டும்.