நேட்டாலுக்குப் போன முனியம்மாளுக்கு என்ன வயது?

டர்பனிலிருந்து வேர் தேடி வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் ஒரே ஒரு தாள்தான் இருக்கும். கப்பல் பட்டியலிலிருந்து எடுத்த ஒரு வரியின் நகல். ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். அந்த ஒற்றை வரியை நம்பி வேலூர், ஆரணி, திருவண்ணாமலைப் பக்கம் வந்து பாட்டனாருடைய பாட்டனாரின் ஊரைக் கேட்கிறார்கள். ஊருக்குப் போனால் அந்தப் பெயரில் ஊரே இல்லை என்பார்கள், அல்லது மூன்று ஊர் இருக்கிறது என்பார்கள்.

1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்த ‘ட்ரூரோ’ கப்பலில் 342 பேர் இறங்கினார்கள். அன்றைய நேட்டால் காலனியின் கரும்புத் தோட்டங்களுக்காக ஒப்பந்தத்தில் கொண்டுபோகப்பட்டவர்கள். 1911-இல் அந்தக் கப்பல் போக்குவரத்து நின்றபோது மொத்தக் கணக்கு 1,52,184. இவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் மதராஸ் துறைமுகம் வழியாகப் போனவர்கள். இன்று தென்னாப்பிரிக்காவில் நாயுடு, பிள்ளை, மூட்லி, கோவிந்தர், படையாச்சி என்று கையெழுத்துப் போடுகிற பலரின் கதை இந்தப் பட்டியல்களில்தான் தொடங்குகிறது.

பட்டியல் இருக்கிறதே, பிறகென்ன கஷ்டம் என்று தோன்றலாம். கஷ்டம் இரண்டாவது தாள் கிடைக்கும்போது ஆரம்பிக்கிறது.

ஒரு குடும்பத்தை மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம். பெயர்கள் கற்பனை, சிக்கல்கள் எல்லாம் இந்த ஆவணங்களில் திரும்பத் திரும்ப வருகிறவை. முனியம்மாள், 1889-இல் நேட்டாலில் இறங்கியபோது வயது 22 என்கிறது கப்பல் பட்டியல். தகப்பன் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் சின்னத்தம்பி. 1941-இல் அவர் இறந்தபோது பதிவான வயது 85. மகனின் திருமணப் பதிவில் மகனுடைய தகப்பன் வேங்கடன். மகளின் இறப்பு ஆவணத்தில் தாயின் பெயர் மங்கம்மா. ஒரு மகன் தன்னை கோவிந்தர் என்று எழுதிக்கொண்டார், இன்னொருவர் முருகன் என்று. வீட்டில் சொல்லும் கதையோ, ‘பாட்டி ட்ரூரோவில் வந்தவர்.’

இதைப் பார்த்ததும் பலர் தங்களுக்குப் பிடித்த தாளை வைத்துக்கொண்டு மற்றதை ஓரம் தள்ளிவிடுகிறார்கள். தேடலைக் கெடுப்பது இந்தப் பழக்கம்தான். ஒவ்வொரு தாளிலும் உள்ள பிழைக்கு ஒரு காரணம் உண்டு. சொன்னவர் யார், எழுதியவர் யார், நடந்து எத்தனை நாள் கழித்து எழுதினார், எதற்காக எழுதினார் என்று கேட்டுப் பார்த்தால் பிழையே சாட்சி சொல்லும்.

முதலில் வயது. கப்பல் பட்டியல் சொல்கிறபடி முனியம்மாள் பிறந்தது சுமார் 1867. இறப்புப் பதிவின்படி 1856. பதினோரு வருட வித்தியாசம். கப்பலேறுமுன் தங்கவைத்த டிப்போவில் வயதைச் சொன்னது அவரே, அல்லது முகத்தைப் பார்த்துக் குமாஸ்தா மதிப்பிட்டது. இரண்டு மூன்று வருடம் முன்பின் இருக்கலாம். இறப்பின்போது வயதைச் சொன்னது மகனோ பேரனோ. நம் வீடுகளில் எண்பதைத் தொட்ட பாட்டிக்கு வயது கேட்டால் என்ன பதில் வரும் என்பது நமக்குத் தெரியும். இப்போது மூன்றாவது தாளைப் பார்க்கலாம். கடைசி மகள் பிறந்தது 1908. கப்பல் பட்டியல் சரியென்றால் அப்போது தாய்க்கு 41; இறப்புப் பதிவு சரியென்றால் 52. கேள்வி அத்தோடு முடிந்தது.

ட்ரூரோ கதையும் இதில் அடிபட்டுப் போகிறது, ஆனால் அதற்கு வயது வரை போக வேண்டியதில்லை. நேட்டாலில் இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் தரப்பட்டது. முதல் கப்பலில் 1-லிருந்து தொடங்கி, கப்பல் வர வர எண்ணும் ஏறிக்கொண்டே போனது. ட்ரூரோக்காரருக்கு மூன்று இலக்கத்துக்கு மேல் எண் இருக்க முடியாது; முனியம்மாளின் எண் ஐந்து இலக்கம். முதல் கப்பலின் பெயர் புகழ்பெற்றது, அதனால் பல குடும்பங்களின் நினைவில் அது வந்து ஒட்டிக்கொண்டது. ‘1870-இல் ஒப்பந்தத்தில் வந்தார்’ என்று சொல்லும் குடும்பங்களும் உண்டு. 1866-க்கும் 1874-க்கும் இடையில் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கப்பல்களே போகவில்லை. அவர் வந்தது அதற்கு முன்பு அல்லது பின்பு, இல்லையென்றால் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துப் பின்னாளில் வந்த ‘பயணி இந்தியர்’.

இந்தக் காலனி எண்ணை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். பெயர் மாறும், வயது மாறும், எண் மாறாது. பிள்ளைகளின் பிறப்புப் பதிவிலும், திருமணத்திலும், ஊர் திரும்பும் கப்பலிலும் பெற்றோரின் எண்ணைக் குறித்தார்கள். இரண்டு முனியம்மாளில் நம்முடையவர் யார் என்று பிரித்துக் காட்டுவது அதுதான். மனிதர்களை எண்ணாக்கிய அந்த ஏற்பாட்டின் கொடுமையை நினைத்தால் மனம் கனக்கிறது. இன்று பேரப்பிள்ளைகளை அவர்களிடம் கொண்டுசேர்ப்பதும் அதே எண்தான். விதிவிலக்கு ஒன்று உண்டு: ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பி, ஊரில் இடமில்லாமல் மறுபடி கப்பல் ஏறியவர்களுக்கு இரண்டாவது எண் கிடைத்தது. ஒரே ஆள், இரண்டு வரி, இரண்டு வயது.

சின்னத்தம்பி யார்? இங்கேதான் பொறுமை வேண்டும். தகப்பன் பெயர்க் கட்டத்தில், மணமான பெண்ணென்றால் சில வேளை கணவன் பெயரை எழுதிவிடுவார்கள். எது என்று அந்த வரியை மட்டும் பார்த்தால் தெரியாது. முன்னும் பின்னும் உள்ள வரிகளைப் பார்க்க வேண்டும். குடும்பமாக, ஊராகச் சேர்ந்து பதிந்தவர்களுக்கு எண்கள் பெரும்பாலும் அடுத்தடுத்து விழுந்தன. முனியம்மாளுக்கு முந்தைய எண்ணில் அதே கிராமம், அதே சாதி, 28 வயது ஆண், பெயர் சின்னத்தம்பி. குறிப்புக் கட்டத்தில், 1891-இல் இறந்துவிட்டார். அப்படியானால் அவர் தகப்பன் அல்ல, பெரும்பாலும் கணவர். 1893-இல் பிறந்த மூத்த மகனின் தகப்பன் வேங்கடன், முனியம்மாளின் இரண்டாவது துணை. இரண்டு தாளும் பொய் சொல்லவில்லை. நடுவில் ஒரு சாவு இருந்தது, அதை வீட்டில் யாரும் சொல்லவில்லை.

அடுத்தடுத்த எண் என்பதாலேயே கணவன் மனைவி என்று அடித்துச் சொல்லவும் முடியாது. நூறு ஆணுக்கு நாற்பது பெண் போக வேண்டும் என்று விதி இருந்தது. கணவனை இழந்தவர்களும், கைவிடப்பட்டவர்களும், தனியாக வந்தவர்களும் டிப்போவில் துணை தேடிக்கொண்டது உண்டு. இதை அறியும்போது சங்கடப்படுகிற பேரன்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். 22 வயதில் தெரியாத தேசத்துக்கு வந்து, கரும்பு வெட்டும் வேலையில், கணவனை மண்ணில் வைத்துவிட்டுப் பிழைத்து எழுந்தவர் அவர். அவரைப் பற்றி மறைக்க எதுவும் இல்லை.

திருமணத் தேதியும் இப்படித்தான் குழப்பும். நான்கு பிள்ளைகள் பிறந்தபிறகு 1914-க்குப் பின் திருமணம் பதிவாகியிருக்கும். 1913 மார்ச்சில் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் தந்த தீர்ப்பு, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவும் ஆகாத திருமணங்களைச் செல்லாதவையாக்கியது. பெண்கள் சத்தியாக்கிரகத்தில் இறங்கியதற்கு அது ஒரு காரணம். 1914-ஆம் ஆண்டின் இந்தியர் நிவாரணச் சட்டம் ஏற்கெனவே சேர்ந்து வாழ்ந்த தம்பதிகள் பதிந்துகொள்ள வழி திறந்தது. அந்தத் தேதி கல்யாண நாள் அல்ல, பதிவு நாள். அந்தப் போராட்டத்தில் சிறை சென்று 1914 பிப்ரவரியில் உயிர்விட்ட வள்ளியம்மை பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில். நாம் அவரைத் தில்லையாடி வள்ளியம்மை என்கிறோம். ஊர்ப் பெயர் பேரோடு ஒட்டிக்கொண்டதால் அந்த வேர் தொலையவில்லை. மற்ற ஆயிரக்கணக்கானவர்களுக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை.

பெயர்களுக்கு வருவோம். நமக்கு இருந்தது ஒரு பெயர், முன்னால் தகப்பனின் முதலெழுத்து. காலனி அலுவலகம் கேட்டது குடும்பப் பெயர். மூத்தவனைப் பதியப் போனபோது பட்டத்தைச் சொன்னார்கள், கவுண்டர் என்பது ஆங்கில எழுத்தில் உருண்டு கோவிந்தர் ஆனது; முதலியார் மூட்லி ஆனதும் அப்படித்தான். இளையவனுக்குப் பாட்டனின் பெயரைச் சொன்னார்கள், அது முருகன் என்றே நின்றுவிட்டது. அதனால் கூடப்பிறந்த இருவருக்கு இரண்டு குடும்பப் பெயர். பட்டத்தை வைத்துச் சாதியைத் தீர்மானிக்கவும் கூடாது. கடல் கடந்த பின் புதுப் பட்டம் சூட்டிக்கொண்டவர்கள் உண்டு. வயல் வேலை தெரிந்தவர்தான் வேண்டும் என்ற ஆள்பிடிப்பவரிடம் வேறு சாதி சொன்னவர்களும் உண்டு.

ஊர்ப் பெயர்தான் எல்லாவற்றிலும் பெரிய வேலை. கிராமத்து வாயிலிருந்து தமிழிலோ தெலுங்கிலோ வந்ததை மதராஸ் குமாஸ்தா ஆங்கிலத்தில் எழுதினார். டர்பனில் ஒருவர் அதைக் கையால் படியெடுத்தார். நூறு வருடம் கழித்து இன்னொருவர் மங்கிய கையெழுத்தைப் பார்த்துக் கணினியில் தட்டினார். நாலு கை மாறியிருக்கிறது. ஆங்கிலத்தில் ல, ள ஒன்று. த, ட ஒன்று. அவசரக் கையெழுத்தில் ‘என்’ எழுத்தும் ‘யூ’ எழுத்தும் ஒன்று. கோரியாட்டம் என்றால் குடியாத்தம். ட்ரினோமலி என்றால் திருவண்ணாமலை. சிங்கில்புட் என்றால் செங்கல்பட்டு. தாளில் உள்ளதை வாய்விட்டுப் படித்து, அந்த வட்டாரத்துப் பெரியவர் ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். கண்ணுக்குப் புரியாதது பல தடவை காதுக்குப் புரிந்துவிடும்.

தாலுகா பிடிபட்டாலும் ஜில்லா மாறியிருக்கும். வட ஆற்காடு என்ற ஜில்லா இன்று இல்லை. 1911-இல் அதிலிருந்து ஒரு பகுதியைப் பிரித்துச் சித்தூர் ஜில்லா ஆக்கினார்கள். அது இன்று ஆந்திரத்தில் இருக்கிறது. மீதி 1989-இல் இரண்டாகி, 2019-இல் வேலூர் மறுபடி மூன்றாகி, ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள். பழைய சேலம் ஜில்லா என்றால் இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல்லும் சேர்த்து. தாளில் வட ஆற்காடு என்று பார்த்துவிட்டு வேலூரோடு நிறுத்திக்கொண்டவர்கள், பலமநேரிலோ சித்தூரிலோ இருக்கும் உறவை எப்போதும் காணமாட்டார்கள்.

ஊரைக் கண்டுபிடித்தபின் அங்கே என்ன தாள் இருக்கும்? பெரிதாக எதுவும் இருக்காது. 1867-இல் பிறந்த கூலிக்காரர் மகளுக்கு நம் கிராமத்தில் பிறப்புப் பதிவு கிடையாது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய நில அளவைப் பதிவேடுகள் உண்டு, அவற்றில் இருப்பது பட்டாதாரர் பெயர். கப்பல் ஏறியவர்களில் பலருக்கு ஒரு குழி நிலமும் இல்லை. கிறிஸ்தவர் என்றால் தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு கைகொடுக்கலாம்.

இந்த இடத்தில்தான் குலதெய்வம் துணைக்கு வருகிறது. நேட்டாலுக்குப் போனவர்கள் கையோடு கொண்டுபோனது சாமியைத்தான். மாரியம்மனும் திரௌபதியும் தீமிதியும் அங்கே இன்றும் இருக்கின்றன. நான்கு தலைமுறைக்குப் பின்னும் ‘எங்கள் வீட்டுச் சாமி இன்னார், முதல் மொட்டை அவருக்குத்தான்’ என்று சொல்கிற குடும்பங்கள் உண்டு. அந்தச் சாமியின் பெயர் தாளில் உள்ள தாலுகாவுக்குள் எந்தெந்த ஊரில் இருக்கிறது, அங்கே வரி கொடுக்கும் பங்காளிகள் யார் என்று கேட்டால் மூன்று ஊர் ஒன்றாகச் சுருங்கும். ‘எங்கள் தாத்தாவோட தங்கச்சி ஒருத்தி கப்பலேறிப் போனாளாம்’ என்று அங்கே ஒரு கிழவர் சொன்னால், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். தேதி, சொன்னவர் பெயர், ஊர் சேர்த்து. பிரியமாக வரவேற்கிற ஊர், இல்லாத உறவையும் சொல்லிவிடும். ஆகவே நீங்கள் தேடும் பெயரை முதலில் சொல்லாதீர்கள், அவர்கள் வாயிலிருந்து வரட்டும்.

மங்கம்மா யார் என்பது மட்டும் இன்னும் தீரவில்லை. மகளின் இறப்பு ஆவணத்தை நிரப்பியது மருமகன் என்றால், மாமியாரை வீட்டில் கூப்பிட்ட பெயர் அதுவாக இருந்திருக்கலாம். மகள் வேங்கடனின் இன்னொரு மனைவிக்குப் பிறந்தவளாகவும் இருக்கலாம். வம்சாவளியில் இரண்டையும் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டு, எந்தத் தாளிலிருந்து வந்தது என்று குறித்து வைக்க வேண்டும். நாளை பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தில் சொத்துக் கோப்பு ஒன்று கிடைத்தால், அதில் உள்ள இறப்பு அறிவிப்பில் பெற்றோர், துணை, பிள்ளைகள் பெயரெல்லாம் வரிசையாக இருக்கும். அப்போது கேள்விக்குறியை எடுக்கலாம்.

கப்பல் பட்டியலின் கடைசிக் கட்டத்தைப் பலர் படிக்காமலே விட்டுவிடுகிறார்கள்: உடம்பில் உள்ள அடையாளம். தழும்பு, மச்சம், பச்சை. முனியம்மாளின் வரியில் ‘இடது முன்கையில் பச்சை’ என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1941-இல் இறந்தவரின் மடியில் உட்கார்ந்த ஆறு வயதுப் பேத்திக்கு இன்று தொண்ணூறு வயது. எந்தக் கை, என்ன உருவம் என்று அவரைக் கேட்க வேண்டும். அதுவும் தாளைக் காட்டுவதற்கு முன்னால்.