பிள்ளை பெற்ற பிறகும் தாய்க்கு ஆபத்து! ரத்தத்தையும் சிறுநீரகத்தையும் ஒன்றாகத் தாக்கும் அபூர்வ நோய்

திருநின்றவூர் பக்தவத்சல பெருமாள் கோவிலில் தாயாருக்கு என்ன பெயர் தெரியுமா? "என்னைப் பெற்ற தாயார்!"

பெற்றவளைக் கும்பிடும் ஊர் இது. ஆனால் பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் கால் வீங்கினால் வீட்டில் என்ன சொல்கிறோம்?

"பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும். போகப் போக சரியாயிடும்!"

பெரும்பாலும் சரியாகிவிடும். எப்போதாவது ஒருத்திக்குச் சரியாகாது. அவள் உயிருக்கே உலை வைக்கும் ஒரு நோய் இருக்கிறது. டாக்டர்கள் அதைச் சுருக்கமாக "ஏ.எச்.யு.எஸ்." என்கிறார்கள். சுமார் 25 ஆயிரம் கர்ப்பத்தில் ஒருவருக்கு வரலாம்.

காவல் படையே எதிரி

கிருமிகளை அழிக்க நம் ரத்தத்தில் ஒரு காவல் படை உண்டு. அதை அடக்கி வைக்கவும் சில புரதங்கள் உண்டு. இந்தப் புரதங்களில் பிறவியிலேயே குறை உள்ள பெண்கள் இருக்கிறார்கள். வெளியே தெரியாது. பிரசவம் அந்தப் படையைக் கிளப்பி விடுகிறது. அது சொந்த ரத்தக் குழாயையே தாக்குகிறது.

மெல்லிய குழாய்களில் ரத்தம் கட்டிக்கொள்கிறது. அந்த இடுக்கில் புகும் சிவப்பணுக்கள் கிழிகின்றன. தட்டணுக்கள் தீர்ந்துபோகின்றன. ரத்தத்தை வடிகட்டும் சிறுநீரகம் அடைத்துக்கொள்கிறது.

காமாலை என்று ஏமாறாதீர்!

கண் மஞ்சளாகும். உடனே "மஞ்சக்காமாலை" என்று கீழாநெல்லி அரைப்பார்கள். தட்டணு குறைந்தால் "டெங்குவா இருக்கும்" என்பார்கள். அதற்குள் நேரம் ஓடிவிடும்.

3 நாள் கணக்கு

இதே போல இன்னொரு நோயும் உண்டு. 1982-ல் அமெரிக்க டாக்டர் லூயிஸ் வெய்ன்ஸ்டீன் அதற்கு "ஹெல்ப்" என்று பெயர் வைத்தார். கர்ப்ப கால ரத்தக் கொதிப்போடு சேர்ந்து வருவது. குழந்தையை வெளியே எடுத்தால் அது பெரும்பாலும் 3 நாளில் தணியத் தொடங்கும்.

3 நாள் ஆகியும் தணியவில்லையா? சிறுநீரகம் மேலும் கெடுகிறதா? அப்போதுதான் டாக்டர்களுக்கு இந்த நோய் மீது சந்தேகம் வருகிறது.

2010-ல் பிரான்சு நாட்டு டாக்டர்கள் இந்த நோய் வந்த 100 பெண்களை ஆராய்ந்தார்கள். 21 பேருக்கு கர்ப்பத்தை ஒட்டி வந்திருந்தது. அதிலும் பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகே! அந்த 21 பேரில் சுமார் முக்கால்வாசிப் பேருக்கு சிறுநீரகம் அடியோடு போய்விட்டது.

என்ன சிகிச்சை?

ரத்தத்தில் உள்ள பிளாஸ்மா நீரை எந்திரம் மூலம் எடுத்துவிட்டு, வேறு பிளாஸ்மா ஏற்றுவார்கள். தேவைப்பட்டால் டயாலிசிஸ். "எக்குலிசுமாப்" என்ற ஊசி மருந்துக்கு 2011-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நல்ல மருந்துதான். ஆனால் விலையோ தலை சுற்றும்!

ஆகவே சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான் ஏழைக்குக் கைகொடுக்கும். முதல் சோதனைகள் எளியவை: தட்டணு எண்ணிக்கை, கிரியேட்டினின், கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ரத்தம். கிழிந்த அணுக்கள் மைக்ராஸ்கோப்பில் காட்டிக்கொடுத்துவிடும்.

எப்போது ஓட வேண்டும்?

* ஒரு நாள் முழுவதும் போகும் சிறுநீர் 2 டம்ளருக்கும் குறைந்தால்
* சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்தில் போனால்
* முகம், கால் வீங்கி, மூச்சு வாங்கினால்
* கண் மஞ்சளானால், தோலில் சிவப்புப் புள்ளிகள் வந்தால்
* தலைவலி, வலிப்பு, குழப்பமான பேச்சு இருந்தால்

மின்சார ரெயிலுக்குக் காத்திருக்க வேண்டாம். 108-க்குப் போன் செய்யுங்கள். மேற்கே திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. கிழக்கே சென்னையில் எழும்பூர் மகப்பேறு ஆஸ்பத்திரி இருக்கிறது. பிரசவ சீட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

குழந்தை பார்க்க வருகிறவர்கள் "அப்பன் ஜாடையா, ஆத்தா ஜாடையா?" என்று தொட்டிலையே பார்க்கிறார்கள். கட்டிலில் கிடப்பவளிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்: "ஒண்ணுக்கு சரியாப் போகுதாம்மா?"