"ஓம்" சொல்ல முதல் ஒருக்கா வாசியுங்கோ

இந்தக் கிழமை எபிசோட்டில் ஏஐ ஏஜென்ட்களைப் பற்றிக் கதைக்கும்போது, "பெரிய வேலை எண்டால் எங்களைக் கேட்டுத்தான் செய்யும், பயப்படத் தேவையில்லை" என்று சொல்லியிருந்தேன். அது பாதி உண்மைதான். மற்றப் பாதியை மைக் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது. இங்கே எழுதுறன்.

போன மாதம் ஒரு கிளையன்டுக்கு பழைய டெஸ்ட் சேர்வர்களைத் துப்புரவாக்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஏஜென்டிடம் விட்டேன். ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்டது. ஃபைலை வாசிக்கவா? ஓம். ஃபோல்டரைப் பார்க்கவா? ஓம். ஒரு நாற்பது தரம் ஓம் போட்டிருப்பேன். அடுத்த கேள்விக்கும் விரல் தானாகவே என்டருக்குப் போனது. அது ஒரு டேட்டாபேஸை அழிக்கிற கட்டளை.

பெயரில் 'டெஸ்ட்' என்றுதான் இருந்தது. ஆனால் அவர்களுடைய டெஸ்டிங் டீம் அன்றைக்கும் அதில்தான் வேலை செய்துகொண்டிருந்தது. முதல் நாள் இரவு எடுத்த பேக்கப் இருந்தபடியால் தப்பினேன். அன்றைய வேலை மட்டும் போனது. அந்த டீமிடம் போய் "ஏஜென்ட் செய்தது" என்று சொல்ல வாய் வரேல்ல. ஏனென்றால் அது கேட்டது. ஓம் சொன்னது நான்.

கேட்காமலே செய்த கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2025 ஜூலையில், சாஸ்டர் நிறுவனர் ஜேசன் லெம்கின் ரெப்ளிட் ஏஜென்டை வைத்து ஒரு ஆப் கட்டிக்கொண்டிருந்தார். அனுமதி இல்லாமல் எதையும் மாற்றாதே என்று திரும்பத் திரும்ப எழுதியும் இருந்தார். அப்படியிருந்தும் அது புரொடக்சன் டேட்டாபேஸை அழித்தது. 1,200க்கு மேற்பட்ட நிர்வாகிகளின் பதிவுகள் அதில் இருந்தன. இனி மீட்க முடியாது என்றும் அது சொன்னது. அதுவும் பிழை, ரோல்பேக் வேலை செய்தது. பிறகு ரெப்ளிட் தலைவர் அம்ஜாத் மசாத் மன்னிப்புக் கேட்டு, டெவலப்மென்ட் டேட்டாபேஸையும் புரொடக்சனையும் தானாகவே பிரித்து வைக்கப்போவதாக அறிவித்தார். பிராம்ப்டில் எழுதுவது வெறும் வேண்டுகோள். பூட்டுப் போடவேண்டிய இடம் வேறு.

சரி, மனிசன் நடுவில இருந்தால் போதுமோ? 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப்பில் ஏஐ ஒன்றும் இல்லை. இரவு வேலையில் களைத்திருந்த ஒரு பொறியியலாளர், எந்த சேர்வரில் நிற்கிறோம் என்பதை மாறி விளங்கிக்கொண்டு அழித்துவிட்டார். கிட்டத்தட்ட 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. ஆறு மணித்தியாலத் தரவு போனதுதான்.

எங்களில் கனபேருக்கு இது பழக்கமான விசயம். பள்ளிக்கூட ட்ரிப்புக்கு ஃபோம் கொண்டு வருவோம். அப்பா இரவு வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு, "எங்க கையெழுத்து?" என்று மட்டும் கேட்பார். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். வாசிக்க அவருக்கு நேரமில்லை, எங்களுக்குச் சொல்லப் பொறுமையில்லை. கையெழுத்து இருக்கும், அனுமதி இருக்காது. நாற்பத்தோராவது என்டரில் நான் செய்ததும் அதுதான்.

இப்போது நான் செய்கிறது இவ்வளவுதான்:

வாசிக்கிறது, தேடுகிறது, டெஸ்ட் ஓட்டுகிறது எல்லாவற்றுக்கும் கேட்காமலே விட்டுவிட்டேன். கேள்வி குறைந்தால்தான் வருகிற கேள்வியைக் கண் பார்க்கும்.

அழிக்கிற வேலைக்கு 'ஓம்' போதாது. கிட்ஹப்பில் ஒரு ரெப்போவை அழிக்க அதன் பெயரை டைப் பண்ணச் சொல்லுமே, அதே மாதிரி. எந்தச் சூழல், எத்தனை பதிவு, திரும்ப எடுக்கலாமா என்று முதலில் காட்டவேண்டும். பெயரை நான் கையால் அடிக்கவேண்டும்.

புரொடக்சன் சாவி ஏஜென்டிடம் இல்லை. அதன் கணக்குக்கு வாசிக்கிற உரிமை மட்டும்தான். பிராம்ப்டை அது மறந்தாலும் டேட்டாபேஸ் விடாது. டெராஃபோர்மில் பிரிவென்ட் டிஸ்ட்ராய் என்று ஒரு வரி இருக்கு, போட்டு வையுங்கோ.

பேக்கப்பை மாதம் ஒருக்கா உண்மையாகவே ரிஸ்டோர் பண்ணிப் பார்க்கிறேன்.

அந்த டீமுக்கு நான் எழுதின மெயிலில் ஏஜென்ட் என்ற சொல்லே இல்லை. "வாசிக்காமல் அனுமதி கொடுத்தேன்" என்றுதான் எழுதினேன். கான்ட்ராக்ட் போய்விடும் என்று பயந்தேன், போகவில்லை. இந்த நாலையும் தங்கட விதியாக எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள்.

இண்டைக்கு லாப்டொப்பை மூட முதல் ஒருக்காப் பாருங்கோ, உங்கட ஏஜென்ட் எந்தக் கணக்கில் ஓடுது, அந்தக் கணக்கால் எதையெல்லாம் அழிக்கலாம் என்று. பார்த்துப் பயந்தால் எழுதிப் போடுங்கோ, அடுத்த எபிசோட்டில் வாசிக்கிறோம். பெயர் சொல்ல மாட்டோம்.